லே-ஆஃப் ஆகி வேறு மாநிலம் போகிறவர்களுக்கு: அன்எம்ப்ளாய்மென்ட் ஏஜென்டிடம் நான் ஏமாந்த கதை

2024 மார்ச் 8, வெள்ளிக்கிழமை. காலை ஒன்பதரை மணிக்குக் காலண்டரில் திடீரென்று பதினைந்து நிமிட மீட்டிங் ஒன்று முளைத்தது. பத்து மணிக்கு எனக்கு வேலை இல்லை. கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் ஆறு வருடம் டெஸ்டிங் டீமில் இருந்தவள் நான். கணவருக்கு டெக்சாஸில் டல்லாஸ் பக்கம் வேலை என்பதால் இரண்டு வருடமாக அவர் அங்கே, நானும் மகளும் இங்கே என்று ஓட்டிக்கொண்டிருந்தோம். வேலையே போன பிறகு சான் ஹோசே வாடகையைக் கட்டிக்கொண்டு எதற்கு இருக்க வேண்டும்? மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்துவிட்டு டெக்சாஸ் போவதென்று அன்று ராத்திரியே முடிவாகிவிட்டது.

அப்போது எனக்கு இருந்த குழப்பம் இதுதான்: அன்எம்ப்ளாய்மென்ட் பணத்தை, அதாவது அமெரிக்காவில் வேலை போனவர்களுக்கு மாநில அரசு வாரக் கணக்கில் தரும் பணத்தை, கலிஃபோர்னியாவில் கேட்பதா, டெக்சாஸில் கேட்பதா? இதற்கு விடை தெரியாததால்தான் ஏமாந்தேன். அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்த மாநிலத்தில் வேலை பார்த்தீர்களோ அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும், குடியேறிய மாநிலத்தில் அல்ல. உங்கள் சம்பளத்தைக் கணக்கு வைத்து உங்கள் கம்பெனி அந்த மாநிலத்துக்குத்தான் இதற்கான வரியைக் கட்டியிருக்கும். விண்ணப்பித்த பிறகு ஊர் மாறினாலும் க்ளெய்ம் செத்துப்போகாது. புது முகவரியைத் தெரிவித்துவிட்டு, புது மாநிலத்தின் வேலைவாய்ப்புத் தளத்தில் பதிந்துகொண்டு, அங்கிருந்தே வேலை தேடலாம். பணம் பழைய மாநிலத்திலிருந்து வரும். இரண்டு மாநிலங்களில் சம்பளம் வாங்கியவர்களுக்கு இரண்டையும் சேர்த்துக் கணக்கிடும் வழியும் உண்டு.

இது அன்றைக்கு எனக்குத் தெரியாது. வாட்ஸ்அப் குழு ஒன்றில் கேட்டேன். பத்து நிமிடத்தில் ஒருவர் தனியாக மெசேஜ் அனுப்பினார். "கவலையே படாதீங்க சிஸ்டர், நிறைய பேருக்கு முடிச்சுக் கொடுத்திருக்கேன்" என்றார். நல்ல தமிழ், மரியாதையான பேச்சு. அவர் கேட்ட கூலி முதலில் 350 டாலர், அப்புறம் வருகிற பணத்தில் பதினைந்து சதவீதம். அழுது முடித்து, பெட்டி கட்டிக்கொண்டிருந்த நேரம் அது. யாரோ ஒருவர் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னதே பெரிய ஆறுதலாக இருந்தது. சோஷியல் செக்யூரிட்டி எண் (அமெரிக்காவில் ஒவ்வொருவருக்கும் உள்ள அரசு அடையாள எண்), கிரீன் கார்டு படம், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு எண் எல்லாவற்றையும் அனுப்பினேன். விண்ணப்பிக்க அரசாங்கம் ஒரு சென்ட்கூட வாங்குவதில்லை என்று அப்போது ஒருவராவது சொல்லியிருக்கலாம்.

"டெக்சாஸ்ல தொகை ஜாஸ்தி சிஸ்டர், அங்கயே போட்டுடுவோம்" என்றார். உச்சவரம்பு அங்கே கூடுதல் என்பது உண்மை. கலிஃபோர்னியாவில் எவ்வளவு சம்பளம் வாங்கியிருந்தாலும் வாரத்துக்கு 450 டாலருக்கு மேல் கிடையாது, 2005-லிருந்து அதே தொகைதான். ஆனால் வரம்பு கூடுதலாக இருந்து எனக்கென்ன? டெக்சாஸில் நான் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. அடிப்படைக் காலத்தில், அதாவது கடைசியாக முடிந்த ஐந்து காலாண்டுகளில் முதல் நான்கில், இங்கே உங்களுக்குச் சம்பளமே இல்லை என்று பதில் வந்தது. அதற்குள் மூன்று வாரம் போயிருந்தது.

ஏப்ரல் இரண்டாம் வாரம்தான் கலிஃபோர்னியாவில் போட்டார். அங்கே விண்ணப்பித்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான் க்ளெய்ம் தொடங்கும். அதற்கு முந்தைய வாரங்களைச் சேர்க்க வேண்டுமென்றால் தகுந்த காரணம் காட்ட வேண்டும். முதல் வாரம் காத்திருப்பு வாரம், அதற்குப் பணம் கிடையாது. மார்ச் 10 வாரத்திலேயே நானே போட்டிருந்தால் நான்கு வாரம் முன்னாலேயே பணம் ஓடத் தொடங்கியிருக்கும். ஆகஸ்டில் வேறு வேலை கிடைத்துவிட்டதால் அந்த நான்கு வாரத்துப் பணம் 1,800 டாலர் போனது போனதுதான்.

இன்னொரு காரியமும் செய்திருந்தார். நாங்கள் டெக்சாஸ் வந்து சேர்ந்த பிறகும் விண்ணப்பத்தில் சான் ஹோசே முகவரியைத்தான் கொடுத்திருந்தார். கேட்டதற்கு, "ஊர் மாறினது தெரிஞ்சா நிறுத்திடுவாங்க சிஸ்டர்" என்றார். நம்பினேன். மே மாதம் ஒரு நாள், பழைய பக்கத்து வீட்டுக் குஜராத்தி அம்மா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். அவர் வீட்டுச் செருப்பு ஸ்டாண்டின் மேல் மூன்று நீளக் கவர்கள், மூன்றிலும் என் பெயர். "அப்பார்ட்மென்ட் ஆபீஸில் கொடுத்தார்கள், முக்கியமா மகளே?" என்று கேட்டிருந்தார். பிரித்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். நான்தானா என்று உறுதிப்படுத்த ஆவணங்கள் கேட்டு வந்த கடிதம் ஒன்று. கெடு முடிய இரண்டே நாள் இருந்தது. அந்த அம்மா ஒரு வாரம் கழித்து அனுப்பியிருந்தால் மொத்தமும் நின்றுபோயிருக்கும்.

அத்துடன் ஏஜென்டை விட்டிருக்க வேண்டும், விடவில்லை. பணம் என் கணக்குக்கு வரத் தொடங்கியதும் நிம்மதியாகிவிட்டேன். இரண்டு வாரத்துக்கு 900 டாலர், அதில் 135 அவருக்கு ஸெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் வசதியில் போய்விடும். ஐந்து முறை அனுப்பினேன். முதலில் கொடுத்ததையும் சேர்த்தால் 1,025 டாலர்.

ஜூன் மாதம் அம்மாவுக்கு மதுரையில் அறுவைச் சிகிச்சை. இரண்டு வாரம் ஊருக்குப் போனேன். போவதற்கு முன் அவரிடம் சொன்னேன். "நான் பாத்துக்கறேன், நீங்க அம்மாவைப் பாருங்க" என்றார். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது போனில் 900 டாலர் வரவு என்று காட்டியது. ஏதோ உறுத்தியது. திரும்பி வந்ததும் பாஸ்வேர்டு கேட்டேன், இன்றைக்குத் தருகிறேன் நாளைக்குத் தருகிறேன் என்று இழுத்தார். க்ளெய்ம் கணக்கை அவருடைய மின்னஞ்சலில், அவருடைய போன் எண்ணில் திறந்திருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. கலிஃபோர்னியா அலுவலகத்துக்கு நானே போன் செய்து, அடையாளத்தை நிரூபித்து, கணக்கை என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன்.

உள்ளே போய்ப் பார்த்தபோது கை நடுங்கியது. அங்கே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சர்ட்டிஃபை பண்ண வேண்டும். முழுநேர வேலை கிடைத்திருந்தால் ஏற்க முடியாதபடி ஏதாவது காரணம் இருந்ததா என்று ஒரு கேள்வி. நான் மதுரையில் இருந்த இரண்டு வாரத்துக்கும் "இல்லை" என்று குறித்திருந்தார். பொய் சொன்னால் தண்டனை உண்டு என்று தெரிந்தே சொல்கிறேன் என்ற உறுதிமொழிக்குக் கீழே இருந்தது என் பெயர். வேலைக்குத் தயாராக இல்லாத நாட்களுக்கு இந்தப் பணம் கிடையாது, வெளிநாட்டில் இருந்த நாட்களுக்கும் அப்படித்தான். அவருக்கு அது தெரியாமல் இருக்காது. அந்த 900-இலும் அவருக்கு 135 இருந்ததே!

நானே போன் செய்து சொல்லிவிட்டேன். 900 டாலரைத் திருப்பிக் கட்ட வேண்டும், பொய்த் தகவலுக்காக அதன்மேல் 30 சதவீதம், 270 டாலர் அபராதம் என்று கடிதம் வந்தது. கடித நாளிலிருந்து 30 நாளுக்குள் அப்பீல் செய்யலாம். செய்தேன். போனிலேயே விசாரணை நடந்தது. ஊருக்குப் போவதை முன்கூட்டியே அவரிடம் சொன்ன வாட்ஸ்அப் பேச்சையும் விமான டிக்கெட்டையும் கொடுத்தேன். அபராதம் நீங்கியது. 900 டாலர் என் பொறுப்பு, கட்டிவிட்டேன்.

அடுத்து எச்-1பி வேலை விசாவில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. "உங்களுக்கும் வாங்கித் தருகிறேன்" என்று இவரைப் போன்றவர்கள் சொல்வதைக் கேள்விப்பட்டேன். வேலை போன எச்-1பிகாரர் அடுத்த கம்பெனி அவருக்காக விசா மனு போடும்வரை வேறெங்கும் வேலையில் சேர முடியாது என்பதால் பொதுவாக இந்தப் பணத்துக்குத் தகுதி கிடைப்பதில்லை. உங்கள் கவலை, வேலை போன பிறகு நாட்டில் தங்க உங்களுக்குக் கிடைக்கும் அந்த 60 நாள் அவகாசத்தைப் பற்றி இருக்கட்டும். கிரீன் கார்டு இருப்பவர்கள் கேட்கத் தயங்க வேண்டாம், இது கம்பெனிகள் கட்டும் காப்பீட்டுப் பணம்தான். ஆனால் மத்திய வருமான வரி உண்டு. பத்து சதவீதம் பிடித்துக்கொள்ளச் சொல்லலாம், வாங்கிய தொகையைக் காட்டும் 1099-ஜி என்ற வரிப் படிவம் ஜனவரியில் வரும். ஏஜென்ட் இதையும் என்னிடம் சொல்லவில்லை.

போன வாரம் வேறொரு குழுவில் அதே வாசகங்களோடு ஒரு அறிவிப்பைப் பார்த்தேன், போன் எண் மட்டும் புதியது. ஏற்கெனவே இப்படி யாரிடமாவது விவரங்களைக் கொடுத்துவிட்டவர்கள் இன்றைக்கே உங்கள் மாநில அலுவலகத்தின் சொந்தத் தளத்தில் நுழைந்து, மின்னஞ்சல், போன் எண், முகவரி, வங்கிக் கணக்கு நான்கும் உங்களுடையவையா என்று பாருங்கள். இதுவரை என்ன பதில் குறித்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு வாரமாகத் திறந்து படியுங்கள். தவறு இருந்தால் அலுவலகம் கண்டுபிடிப்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். உங்கள் பெயரில் வேறு யாரும் கடன் வாங்க முடியாதபடி, கடன் விவரம் வைத்திருக்கும் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று நிறுவனங்களிலும் கிரெடிட்டை முடக்கி வையுங்கள், அது இலவசம். என் சோஷியல் செக்யூரிட்டி எண் இன்னும் அவர் போனில்தான் இருக்கிறது. நான் மூன்றையும் முடக்கித்தான் வைத்திருக்கிறேன்.