தோள் தாங்கும் பேஸ் கிட்டார் எது?

ஆடி மாதம் வந்துவிட்டால் சேலத்து மெல்லிசைக் குழுக்களுக்கு ஓய்வு கிடையாது. கோட்டை மாரியம்மன் திருவிழாவை ஒட்டி மேடை மேடையாகக் கச்சேரி இருக்கும், ஒவ்வொன்றும் மூன்று மணி நேரத்தைத் தொடும். கீபோர்டு ஸ்டாண்டில் இருக்கிறது, டிரம்ஸ் வாசிப்பவர் உட்கார்ந்திருக்கிறார். பேஸ் வாசிப்பவர்தான் நாலு கிலோவை இடது தோளில் மாட்டிக்கொண்டு கடைசிப் பாட்டு வரை நிற்க வேண்டும். இளையராஜா பாட்டுகளில் பேஸ் ஓடிக்கொண்டே இருக்கும், நடுவில் கையை உதறிக்கொள்ளக்கூட நேரம் கிடைக்காது. அதனால் பேஸ் வாங்கப் போகும்போது சத்தத்தையும் விலையையும் பார்ப்பதுபோல எடையையும் பார்த்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி.

எடையில் இரண்டு வகை உண்டு. ஒன்று தோளில் இறங்குவது, இன்னொன்று இடது கையில் ஏறுவது. இரண்டாவதுதான் மோசமானது. பேஸை ஸ்ட்ராப்பில் மாட்டிக்கொண்டு இரண்டு கையையும் எடுத்துப் பாருங்கள். நெக் (தந்திகள் ஓடும் நீண்ட கழுத்து) இருந்த இடத்திலேயே நின்றால் சரி. தலைப்பக்கம் தரையை நோக்கிச் சரிந்தால், கச்சேரி முழுக்க இடது கை வாசிக்கவும் வேண்டும், தூக்கிப் பிடிக்கவும் வேண்டும். மணிக்கட்டு வலி அங்கேதான் ஆரம்பிக்கிறது. பாடியின் மேல்கொம்பு நீண்டு, அதிலிருக்கும் ஸ்ட்ராப் பட்டன் 12ஆவது ஃப்ரெட்டுக்கு (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) நேராக வந்தால் பெரும்பாலும் சாயாது. கிப்சன் தண்டர்பேர்ட் பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் யாருக்கும் சொல்லாததற்கு இந்தச் சாய்வுதான் காரணம்.

முதலில் எல்லோரும் கேட்கும் ஃபெண்டர் குடும்பம். ப்ரெசிஷன் 1951இல் வந்தது, ஜாஸ் பேஸ் 1960இல். இரண்டும் 34 அங்குல ஸ்கேல், அதாவது நெக்கின் நுனியில் தந்தி தாங்கும் நட்டிலிருந்து பாடியில் இருக்கும் பிரிட்ஜ் வரை தந்தி அதிரும் நீளம். ஸ்குவையர் பெயரில் விலை குறைந்த வடிவங்களும் இருக்கின்றன. எடை பொதுவாக 3.6 கிலோவிலிருந்து 4.5 கிலோ வரை. 1970களில் கனமான ஆஷ் மரத்தில் செய்த சில பேஸ்கள் 5 கிலோவைத் தொடும். ஒரே மாடலில் இரண்டு பேஸை எடுத்து நிறுத்தினாலே அரை கிலோ வித்தியாசம் வரலாம், ஏனென்றால் மரத்துக்கு மரம் அடர்த்தி மாறும். பாஸ்வுட், பாப்லர் பாடி என்றால் லேசாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்தக் குடும்பத்தின் பலம் சமநிலை. நெக் அனேகமாக நின்ற இடத்தில் நிற்கும். ஏற்கெனவே இப்படி ஒன்று கையில் இருந்தால் எடைக்காக அதை விற்க வேண்டாம். ஸ்ட்ராப்பை மாற்றிப் பாருங்கள், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இப்போதுதான் வாங்கப் போகிறீர்கள், நின்றுகொண்டு வாசிப்பீர்கள் என்றால் என் முதல் கை ஐபனெஸ் எஸ்ஆர் வரிசையின் பக்கம்தான் போகும். 1987இல் சவுண்ட்கியர் என்ற பெயரில் வந்தது. பாடி மெல்லியது, விளிம்பெல்லாம் இழைத்து வளைத்திருப்பார்கள், நெக்கும் ஒல்லி. நாலு தந்தி மாடல்கள் மூன்றரை கிலோவை ஒட்டியே இருக்கும். மேல்கொம்பு நீளமாக இருப்பதால் எடை குறைந்தும் சாய்வு பெரிதாக இல்லை. விலா எலும்பில் விளிம்பு குத்தாது என்பது தராசில் தெரியாத இன்னொரு சுகம். ஸ்கேல் 34 அங்குலமேதான், ஆகவே கீழ் ஈ தந்தி (சுருதியில் மிகத் தாழ்ந்தது) இறுக்கமாகப் பேசும். குறை என்றால், தந்திகளுக்கு நடுவே இடைவெளி கொஞ்சம் நெருக்கம். கட்டைவிரலால் தட்டி வாசிப்பவர்களுக்கு அது பழக நாளாகும். அவர்கள் யமஹா டிஆர்பிஎக்ஸ் வரிசையையும் கையில் எடுத்துப் பார்க்கலாம். கொஞ்சம் கனம் கூடினாலும் உறுதியான கட்டு.

அடுத்தது ஷார்ட் ஸ்கேல். ஃபெண்டர் மஸ்டாங் 1966இல் வந்தது. அதே 30 அங்குலத்தில் குறைந்த விலைக்கு ஸ்குவையர் ப்ராங்கோ இருக்கிறது. இங்கே எடையைவிடப் பெரிய லாபம் தூரம். 34 அங்குல பேஸில் முதல் ஃப்ரெட் நட்டிலிருந்து ஏறக்குறைய 48 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும், 30 அங்குலத்தில் 43தான். இடது கையும் உடம்பிலிருந்து அவ்வளவு தூரம் நீள வேண்டாம். தோள் முன்னால் இழுபடாது. அதே தந்தியை அதே சுருதியில் கட்டினால் இழுவிசை ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறையும், விரலுக்கு மெத்தென்று இருக்கும். ஏற்காட்டுப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கும், சர்ச் பாடகர் குழுவில் புதிதாகப் பேஸ் எடுக்கும் சிறிய கைக்காரர்களுக்கும் இதைத்தான் தயங்காமல் சொல்வேன். ஆனால் கீழ் ஈ தந்தி கொஞ்சம் தொளதொளக்கும். சத்தம் உருண்டு வரும், வெட்டு குறையும். பெரிய மேடையில் கிக் டிரம்முக்குள் அது கரைந்துபோகவும் கூடும். தடிமன் கூடிய தந்தி போட்டால் ஓரளவு சரியாகும். ஷார்ட் ஸ்கேலுக்கென்று வரும் தந்தி செட்தான் போட வேண்டும், அதை ஆர்டர் போட்டு வாங்கி ஒரு செட் கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

லேசு ஒன்றே குறி என்றால் ஹோஃப்னர் 500/1 மாதிரியான வயலின் வடிவ பேஸை யாரும் தோற்கடிக்க முடியாது. 1956இல் வந்தது, பால் மெக்கார்ட்னி கையில் உலகப் புகழ் பெற்றது. உள்ளே வெறும் கூடு என்பதால் இரண்டேகால், இரண்டரை கிலோதான். ஆனால் மேல்கொம்பு கிடையாது, பாடியும் லேசு, எனவே தலைப்பக்கம் கீழே போகப் பார்க்கும். திறந்தவெளி மேடையில் பெரிய ஸ்பீக்கர்களுக்குப் பக்கத்தில் வால்யூம் ஏற்றினால் ஃபீட்பேக் பிடித்து ஊளையிடும். சர்ச்சில் உட்கார்ந்து வாசிக்க அருமை. ஆடி மேடைக்கு வேண்டாம்.

தலையில்லாத பேஸ்தான் எனக்கு மிகப் பிடித்த தீர்வு. நெட் ஸ்டைன்பெர்கர் 1980 வாக்கில் கிராஃபைட்டில் செய்து காட்டிய யோசனை அது: சுருதி கூட்டும் கீகளை நெக்கின் நுனியிலிருந்து எடுத்து பிரிட்ஜ் பக்கம் கொண்டுவந்துவிட்டார். நெம்புகோலின் கடைசி முனையில் தொங்கிய உலோகம் போய்விட்டால் சாய்வதற்குக் காரணமே குறைந்துவிடுகிறது. இன்றைக்கு ஐபனெஸ் இஎச்பி வரிசையும் அதே வழியில் வருகிறது. இன்னொரு நன்மை நீளம். ப்ரெசிஷன் 117 சென்டிமீட்டர் வரை போகும், ஸ்டைன்பெர்கர் பாணி பேஸ் ஒரு மீட்டருக்குள் அடங்கும். முதுகில் பையை மாட்டிக்கொண்டு பைக்கில் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளை ஏறியவர்களுக்கு, பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கும் அந்த நெக் எவ்வளவு தொல்லை என்று தெரியும். டவுன் பஸ்ஸில் இன்னும் மோசம். விலைதான் இங்கே தடை. சில மாடல்களுக்கு இரண்டு முனையிலும் குண்டு வைத்த தந்தி தேவை, சாதாரணத் தந்தியைப் பிடிக்கும் கிளாம்ப் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

“அண்ணே, புதுப் பாட்டுக்கெல்லாம் அஞ்சு தந்தி வேணும்ல?” என்று தம்பிகள் கேட்கிறார்கள். வேண்டும்தான், ஈக்குக் கீழே போகும் பாட்டுகள் நிறைய வந்துவிட்டன. ஆனால் அகலமான நெக், கூடுதல் கீ, பெரிய பிரிட்ஜ் எல்லாம் சேர்ந்து நாலு கிலோவைச் சுலபமாகத் தாண்டும். அதற்குப் பதில், நாலு தந்தி பேஸிலேயே வழக்கமான ஈ, ஏ, டி, ஜியை மாற்றி பி, ஈ, ஏ, டி என்று தந்தி கட்டிக்கொள்ளலாம். நட்டின் பள்ளத்தைக் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டியிருக்கும். மேலே ஜி தந்தி போனதை மெல்லிசைக் கச்சேரியில் பெரும்பாலும் சமாளித்துவிடலாம்.

அப்புறம் ஸ்ட்ராப். பேஸோடு இலவசமாக வரும் இரண்டு அங்குல நைலானைத் தூர வையுங்கள். மூன்றரை அல்லது நாலு அங்குல அகலத் தோல் ஸ்ட்ராப் அதே எடையை ஏறக்குறைய இரண்டு மடங்கு பரப்பில் இறக்கும். உள்பக்கம் சொரசொரப்பாக இருந்தால் சட்டையில் வழுக்காது, லேசான சாய்வையும் அதுவே பிடித்து நிறுத்தும். அப்படியும் சாய்ந்தால் ஹிப்ஷாட் அல்ட்ராலைட் போன்ற எடை குறைந்த கீகள் போடலாம். நெக்கின் நுனியில் குறையும் நூறு கிராம், பாடியில் குறையும் அரை கிலோவைவிட அதிக உதவி செய்யும்.

கடைக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கும் சின்னத் தொங்கு தராசு ஒன்றைக் கொண்டுபோங்கள். பேஸை ஸ்ட்ராப்போடு மாட்டி எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டூலில் உட்கார்ந்து வாசித்துப் பார்ப்பதில் பயனில்லை. கச்சேரியில் எந்த உயரத்தில் மாட்டுவீர்களோ அதே உயரத்தில் மாட்டி, ஆம்ப் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நின்றுகொண்டே நாலைந்து பாட்டு முழுதாக வாசியுங்கள். கடைக்காரர் அதற்கு இடம் கொடுக்கவில்லை என்றால் வேறு கடை பாருங்கள். கோயம்புத்தூரோ பெங்களூரோ போய் நாலு பேஸை மாட்டிப் பார்த்து, ஒரே மாடலில் லேசான ஒன்றைப் பொறுக்கி எடுத்து வந்தால் பஸ் காசு வீணாகாது.