"48 மணி நேரம் பொறுங்க மேடம்" என்றால் உடனே சுதாரித்துக்கொள்ளுங்கள்

கோபத்தில் எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று ராத்திரிதான் முழு விவரமும் தெரிந்தது. 18,000 போய்விட்டது. பணத்தைவிட வயிற்றெரிச்சல் எதில் என்றால், மாதக்கணக்கில் யோசித்து நான் வைத்த டொமைன் பெயர், அதாவது என் இணையதள முகவரி, இன்று என் பெயரில் இல்லை. வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

நான் தையல் பேட்டர்ன்கள் வரைந்து விற்கிறவள். இத்தனை நாளாக ஒரு இலவசத் தளத்தில், யாருக்கும் ஞாபகம் நிற்காத நீளமான முகவரியில் ஓட்டிக்கொண்டிருந்தேன். சொந்தமாக ஒரு டாட் காம் வேண்டும் என்று ஆசை. சர்வரை வேறொரு இடத்தில் வாடகைக்கு எடுத்து, தளத்தையும் ஏற்றி வைத்துவிட்டேன். அந்த சர்வரின் எண்ணான ஐபி முகவரியைத் தட்டினால் தளம் அழகாக வந்தது. பாக்கி இருந்தது ஒரே வேலைதான். பெயரை வாங்கி, அந்தப் பெயரைத் தட்டுகிறவர்களை இந்த ஐபிக்கு அனுப்ப வேண்டும். அது எவ்வளவு சின்ன வேலை என்பது அப்போது எனக்குத் தெரியாது. பெயரை ஐபியோடு இணைக்கும் அந்த ஏற்பாட்டுக்கு டிஎன்எஸ் என்று பெயர், அந்தச் சொல்லைக் கேட்டாலே பயம் எனக்கு.

அந்தப் பயத்தை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். பெயரைச் சொல்லப் போவதில்லை. டொமைன், டிஎன்எஸ், ஈமெயில் எல்லாம் ஒரே இடத்தில் செய்து தருகிறோம் என்று சொல்லும் தளங்கள் இருக்கின்றன அல்லவா, அந்த வகை. மூன்று வருடப் பதிவு, முழு டிஎன்எஸ் அமைப்பு, முன்னுரிமை உதவி, எல்லாம் சேர்த்து 18,000. ராத்திரி பதினொரு மணிக்கு சாட்டில் போனேன். ஒருவர் பொறுமையாகப் பேசினார். ஏ ரெக்கார்டு என்றால் என்ன என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன், சிரிக்காமல் விளக்கினார். பெயரை ஐபி எண்ணோடு சேர்க்கும் ஒரு வரி, அவ்வளவுதான் என்றார். "நீங்க டிசைன் மட்டும் பாருங்க மேடம், மிச்சமெல்லாம் எங்க தலைவலி" என்றார். என் ஐபியை வாங்கி, அந்த எண்ணை மறுபடி டைப் செய்து அனுப்பி, சரிதானா என்று இரண்டு முறை கேட்டார். அங்கேதான் விழுந்தேன். ஒரு எண்ணை இரண்டு தடவை சரிபார்க்கிற ஆள் ஏமாற்ற மாட்டார் என்று எனக்கு ஒரு நினைப்பு.

"தனியா கணக்கு எல்லாம் திறக்க வேண்டாம், எங்க கணக்குலயே பண்ணிடறோம், உங்களுக்கு பாஸ்வேர்டு ஞாபகம் வைக்கிற தொல்லை இல்ல." இதையும் அவர்தான் சொன்னார். நான் நன்றி சொன்னேன். ஆமாம், நன்றி சொன்னேன்.

மறுநாள் காலை பெயரைத் தட்டினேன். விளம்பரப் பக்கம் வந்தது. கேட்டால், "டிஎன்எஸ் ப்ரொப்பகேஷன் மேடம், உலகம் முழுக்கப் பரவணும், 48 மணி நேரம் ஆகும்." கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட். அதில் என் பெயர், அதற்கு நேரே என் ஐபி, பக்கத்தில் பச்சை டிக். சரி என்று இருந்துவிட்டேன். மூன்றாம் நாள் கேட்டேன், பிரௌசர் கேஷை, அதாவது அது சேமித்து வைத்திருக்கும் பழைய பக்கங்களை, அழிக்கச் சொன்னார்கள். அழித்தேன். ஐந்தாம் நாள், உங்கள் இன்டர்நெட் கம்பெனியின் கோளாறு என்றார்கள். போனில் பார்த்தேன், பக்கத்து வீட்டு வைஃபையில் பார்த்தேன், எல்லாவற்றிலும் அதே விளம்பரம். ஏழாம் நாள் வேறொருவர் வந்து, முதலிலிருந்து விவரம் கேட்டுவிட்டு, "48 மணி நேரம் பொறுங்க" என்றார். மறுபடியும்! இதற்குள் புது முகவரியை என் வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டிருந்தேன். அவர்கள் தட்டினால் என்ன வந்தது தெரியுமா? தையல் மிஷின் விளம்பரம். பெயரில் தையல் என்று இருக்கிறதல்லவா, அதற்குப் பொருத்தமாக.

நேற்று அக்கா மகன் வந்தான். சர்வர் வேலையில் இருப்பவன். ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துவிட்டு, "சித்தி, இது சரியாத்தான் இருக்கு. ஆனா தப்பான இடத்துல இருக்கு" என்றான். எனக்குப் புரியவில்லை. உட்கார்த்தி வைத்துக் காட்டினான்.

ஒரு டாட் காம் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டால், டாட் காமுக்கான சர்வர்களிடம் கேள்வி போகும். ஏ முதல் எம் வரை 13 பெயர்களில் அவை இருக்கின்றன. ஐபி என்ன என்று அவை சொல்லாது, "இந்தப் பெயருக்குப் பொறுப்பு இன்ன நேம்சர்வர், அங்கே போய்க் கேள்" என்று மட்டும் கைகாட்டும். அந்த நேம்சர்வரில் இருக்கிற ஏ ரெக்கார்டுதான் செல்லுபடியாகும். டிக் (dig) என்று கம்ப்யூட்டரில் ஒரு கட்டளை இருக்கிறது. அதை வைத்து டாட் காம் சர்வரிடமே நேராகக் கேட்டான். என் பெயருக்கு அது காட்டியது விளம்பரப் பக்கம் நடத்தும் நேம்சர்வர்களை. எனக்கு அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டோ வேறொரு பேனலில், அதாவது ரெக்கார்டுகளை மாற்றும் பக்கத்தில், எடுத்தது. அந்தப் பேனலின் நேம்சர்வரிடம் யாரும் போய்க் கேட்கப் போவதே இல்லை. கல்யாணம் ஒரு மண்டபத்தில், பத்திரிகையில் அடித்த விலாசம் இன்னொரு மண்டபம் என்கிற கதை. 48 மணி நேரம் இல்லை, 48 வருடம் பொறுத்தாலும் வராது.

அந்த 48 மணி நேரக் கணக்குக்கே ஒரு மூலம் இருக்கிறதாம். டாட் காம் சர்வர்கள் சொல்லும் நேம்சர்வர் விவரத்துக்கு டிடிஎல் 1,72,800 விநாடி, அதாவது சரியாக இரண்டு நாள். ஒருமுறை கேட்டு வாங்கிய பதிலை அதுவரை கேஷில் வைத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். நேம்சர்வரை மாற்றினால், பழைய பதிலைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு அவ்வளவு நேரம் ஆகலாம், நியாயம்தான். ஆனால் மாற்றியிருக்க வேண்டுமே! பரவுவது என்று எதுவும் கிடையாது சித்தி, பழைய பதில் காலாவதி ஆகிறது, அவ்வளவுதான் என்றான். பால் மொக்கபெட்ரிஸ் 1983-ல் வடிவமைத்த அமைப்பு இது. 1987-ல் வந்த ஆர்எஃப்சி 1034, 1035 என்ற இணைய விதி ஆவணங்கள் இரண்டிலும் இந்த டிடிஎல் முறை எழுதியே இருக்கிறது. இவர்களுக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்துகொண்டுதான் ஒரு வாரம் என்னை ஓட்டியிருக்கிறார்கள்.

அதோடு நின்றிருந்தால்கூட ஏதோ கவனக்குறைவு என்று விட்டிருப்பேன். டொமைன் பெயர்களை உலக அளவில் மேற்பார்வையிடும் ஐகான் அமைப்பின் தேடல் பக்கத்தில் என் டொமைன் பெயரைப் போட்டுப் பார்த்தான். உரிமையாளர் இடத்தில் அவர்களுடைய நிறுவனப் பெயர்! பதிவு முடியும் தேதி அடுத்த வருடம். மூன்று வருடத்துக்குக் கொடுத்த 18,000-க்கு ஒரே ஒரு வருடம், அதுவும் அவர்கள் பெயரில்.

ராத்திரியே சாட்டில் போனேன். நேம்சர்வரை மாற்றுங்கள் என்றேன். அதற்குப் பேனல் அணுகல் தேவையாம், அது தனிக் கட்டணமாம், இன்னொரு 6,000. அப்படியானால் பெயரை வேறு இடத்துக்கு மாற்றத் தேவையான ரகசியக் குறியீடு, அந்த ஆத் கோடு, கொடுங்கள், மாற்றிக்கொள்கிறேன் என்றேன். புதிதாகப் பதிந்த பெயரை 60 நாளைக்கு வேறு ரெஜிஸ்ட்ராருக்கு, அதாவது பெயர்களைப் பதிந்து தரும் வேறு நிறுவனத்துக்கு, மாற்ற முடியாது என்றார்கள். இத்தனை நாளில் அவர்கள் சொன்ன ஒரே உண்மை இதுதான், அப்படி ஒரு பூட்டு இருக்கிறது. ஆனால் நேம்சர்வரை மாற்றுவதற்கும் அந்தப் பூட்டுக்கும் சம்பந்தமே இல்லை. 60 நாள் கழித்தாவது தருவீர்களா என்று கேட்டேன். "உரிமையாளர் கேட்டா தருவோம் மேடம்." உரிமையாளர் யார்? அவர்களேதான். உரிமையாளர் கேட்டால் ஐந்து நாளுக்குள் ஆத் கோடு தர வேண்டும் என்று ஐகான் விதி இருக்கிறது, ஆனால் ஏட்டில் நான் உரிமையாளரே இல்லையே. 18,000-ஐத் திருப்பிக் கேட்டேன். பதிவுக் கட்டணம் திரும்பத் தரப்படாது என்று நிபந்தனையில் இருக்கிறதாம். பில்லிலும் "டிஎன்எஸ் சேவை" என்று ஒற்றை வரிதான், என் டொமைன் பெயரே அதில் இல்லை.

இன்னொன்றும் தெரிந்தது. இவர்கள் ரெஜிஸ்ட்ராரே இல்லை, ரெஜிஸ்ட்ராரிடம் வாங்கி விற்கும் ரீசெல்லர். உண்மையான ரெஜிஸ்ட்ரார் யார் என்று அதே தேடல் பக்கத்தில் இருந்தது. அங்கே எழுதினேன். உங்கள் ரீசெல்லரைத் தொடர்பு கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. ஐகானுக்கும் புகார் போட்டிருக்கிறேன், பார்ப்போம்.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். டொமைனை உங்கள் சொந்தக் கணக்கில், உங்கள் ஈமெயிலில் நீங்களே பதியுங்கள், அதை மட்டும் யாரிடமும் விடாதீர்கள். பணம் கட்டின அன்றே ஐகான் தேடலில் தேதியைப் பாருங்கள், உரிமையாளர் பெயர் மறைத்திருந்தால் பேனலில் பாருங்கள். ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள், விண்டோஸில் என்எஸ்லுக்கப் (nslookup) என்ற கட்டளை இருக்கிறது, நேம்சர்வர் எது என்று கேட்டால் அதுவே சொல்லிவிடும். பில்லில் டொமைன் பெயரையும் எத்தனை வருடம் என்பதையும் எழுதி வாங்குங்கள். இன்னும் இருக்கிறது, அப்புறம் எழுதுகிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே என் டிக்கெட்டுக்குப் பதில் வந்திருக்கிறது. மேலதிகாரி ஒருவர் 48 மணி நேரத்துக்குள் தொடர்பு கொள்வாராம்.