ஸ்கிரிப்டுக்கு டெக்ஸ்ட்/ஜாவாஸ்கிரிப்ட் தான்: 2022ல மாத்தினதுல இருந்து என் அனுபவம்

2022ல இருந்து நான் பாத்துக்கற எல்லா சர்வர்லயும் ஸ்கிரிப்ட் ஃபைலுக்கு கன்டென்ட் டைப் (இது என்ன வகை ஃபைல்னு சர்வர் ஹெட்டர்ல பிரவுசருக்குச் சொல்ற பேர்) டெக்ஸ்ட்/ஜாவாஸ்கிரிப்ட் தான். அதுக்கு முன்னாடி அப்ளிகேஷன்/ஜாவாஸ்கிரிப்ட் வச்சிருந்தேன், ஏன்னா 2006ல வந்த ஆர்எஃப்சி 4329ங்கற இணைய நெறிமுறை ஆவணம் டெக்ஸ்ட் காலாவதி, அப்ளிகேஷன் போடுங்கன்னு சொல்லிருந்துச்சு, அப்புறம் 2022 மே மாசம் ஆர்எஃப்சி 9239 வந்து அதை அப்படியே தலைகீழா ஆக்கிடுச்சு. பிரவுசருக்கு ரெண்டுமே ஒண்ணு தான், ஆனா இனிமே புதுசா செட் பண்றவங்க டெக்ஸ்ட்டையே வைங்க.

மாத்தறது என்ஜின்எக்ஸ்ங்கற வெப் சர்வர் சாஃப்ட்வேர்ல, மைம் டைப்ஸ் ஃபைல்ல (எந்த எக்ஸ்டென்ஷனுக்கு எந்த டைப்னு இருக்கற லிஸ்ட்) ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரி எனக்கு ரெண்டு வேலை வச்சுது. மொதல்ல ஜிஜிப், அதாவது ஃபைலை சுருக்கி அனுப்பறது, கம்ப்ரஸ் பண்ண வேண்டிய டைப் லிஸ்ட்ல பழைய பேர் மட்டும் இருந்ததால 90 கேபியா போய்ட்டிருந்த ஃபைல் முழுசா 300 கேபியா போக ஆரம்பிச்சிடுச்சு, எரர் எதுவும் வராது, பிரவுசரோட நெட்வொர்க் டேப்ல சைஸ் பாத்தா தான் தெரியும். அடுத்தது கேரக்டர்செட், அதாவது எழுத்தெல்லாம் எந்த என்கோடிங்ல இருக்குன்னு ஹெட்டர்ல சொல்றது, அதுக்கும் என்ஜின்எக்ஸ்ல தனி லிஸ்ட் இருக்கு, அதுலயும் டிஃபால்ட்டா பழைய பேர் தான், அதனால ஹெட்டர்ல யுடிஎஃப்-8ங்கறது காணாம போச்சு. எங்க பேஜ்ல பிரச்சனை இல்ல, ஆனா எங்க ஸ்கிரிப்ட்ட எடுத்துப் போட்டிருந்த ஒரு பழைய சைட்டோட என்கோடிங் வேற, ஹெட்டர்ல இல்லன்னா பிரவுசர் அந்த பேஜோட என்கோடிங்கைத் தான் எடுத்துக்கும், "சமர்ப்பி"ன்னு இருந்த பட்டன்ல கொக்கி போட்ட லத்தீன் எழுத்தா வந்து நின்னுச்சு. பாக்கவே மனசு கஷ்டமாயிடுச்சு. தமிழ்ல சைட் பண்றவங்க யுடிஎஃப்-8ஐ ஹெட்டர்லயே கண்டிப்பா போட்டுடுங்க. மாட்யூல் ஸ்கிரிப்ட்னா (டைப் மாட்யூல்னு போட்டு எடுக்கற வகை) எப்பவும் யுடிஎஃப்-8 தான், அங்க இந்தத் தொல்லை இல்ல.

மாட்யூல்ல வேற கண்டிப்பு இருக்கு. சாதா ஸ்கிரிப்ட் டெக்ஸ்ட்/பிளெயின்னு வந்தாக்கூட பிரவுசர் பெருசா கண்டுக்காம ஓட்டிடும், டைப்பை நீயா ஊகிக்காதன்னு பிரவுசருக்குச் சொல்ற நோஸ்னிஃப் ஹெட்டர் இருந்தா மட்டும் தான் தடுக்கும், மாட்யூல் அப்படி இல்ல, டைப் தப்புன்னா ஓடவே ஓடாது. மாட்யூல் ஃபைலுக்கு வைக்கற எம்ஜேஎஸ் எக்ஸ்டென்ஷன் எங்க மைம் லிஸ்ட்ல இல்லாம ஆக்டெட்-ஸ்ட்ரீம்னு, அதாவது வகை தெரியாத பைனரின்னு போய் ஒரு தடவை பேஜே வெள்ளையா நின்னுச்சு. இன்னொரு தடவை டெக்ஸ்ட்/ஹெச்டிஎம்எல் வந்திருக்குன்னு கன்சோல்ல சொல்லுச்சு, நான் மைம் லிஸ்ட்டையே அரை நாள் நோண்டினேன், விஷயம் என்னன்னா சர்வர்ல ஏத்தின புது டெப்ளாய்ல அந்த ஃபைலே இல்ல, இல்லாத ஃபைலுக்கெல்லாம் 200னு, அதாவது ஃபைல் இருக்குன்னு போட்டு இண்டெக்ஸ் பேஜை அனுப்பிட்டிருந்தோம். இப்போ அசெட்ஸ் ஃபோல்டர்ல ஃபைல் இல்லன்னா நேரா 404 தான்.

நோஸ்னிஃப் எல்லா சைட்லயும் ஆன்ல தான் இருக்கு, டைப் தப்பா போனா டெஸ்டிங்லயே மாட்டிக்குது. ஒவ்வொரு டெப்ளாய்க்கு அப்புறமும் கர்ல்ங்கற கமாண்ட் டூல்ல ஒரு ஜேஎஸ், ஒரு எம்ஜேஎஸ் ரெண்டோட ஹெட்டரையும் பாத்துட்டு தான் எந்திரிக்கறேன்.