யுங்ஃப்ராயோக் ஒருநாள் சுற்றுலா: அடிவாரத்தோடு நின்றுகொண்ட வழிகாட்டி

ஸ்விட்சர்லாந்தில் மலைரயிலில் ஏறிப் பார்க்கும், நம்மவர் பலரும் ஜங்ஃப்ரா என்று சொல்லும் யுங்ஃப்ராயோக்குக்குப் போகவேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த மலைரயிலைப் பற்றியோ அதன் ஊழியர்களைப் பற்றியோ எனக்கு எந்தக் குறையும் இல்லை. அன்று எங்களுக்கு உதவியவர்களே அவர்கள்தாம். என் புகார் முழுவதும், அந்த ரயிலையும் கேபிள் காரையும் இணைத்து, ‘வழிகாட்டியுடன் கூடிய ஒருநாள் மலைப் பயணம்’ என்ற பெயரில் சூரிக்கிலிருந்து பேருந்தில் அழைத்துச் செல்லும் ஒரு சுற்றுலா நிறுவனத்தின் மீதும், அதை எங்களுக்கு விற்ற சென்னை முகவர் மீதும்தான். வயதான பெற்றோரை அழைத்துக்கொண்டு இதே போன்ற பயணத்துக்குப் பணம் கட்டவிருப்பவர்கள் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஐரோப்பியப் பயணம் முழுவதற்குமான ஏற்பாட்டை அந்த முகவரிடம்தான் ஒப்படைத்திருந்தோம். ரயில், பேருந்து, படகு எல்லாவற்றுக்கும் செல்லும் ஸ்விஸ் டிராவல் பாஸை எங்கள் நால்வருக்கும் அவரே வாங்கித் தந்தார். அதன் பிறகு, யுங்ஃப்ராயோக்குக்குத் தனியாக இந்தப் பேருந்துச் சுற்றுலாவை எடுத்தால்தான் உண்டு என்று சொன்னார். பாஸ் இருக்கும்போது இது எதற்கு என்று நான் தொலைபேசியில் கேட்டதற்கு, “மேடம், மலைக்கு மேலே பாஸ் செல்லாது, பேசாமல் குரூப்பில் போய்விடுங்கள், அப்பா அம்மாவுக்கும் கைடு கூடவே இருப்பார்” என்பதுதான் அவர் பதில். இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன; ஒன்று பாதி உண்மை, மற்றது முழுப் பொய்.

முதலாவது, பாஸ் பற்றியது. சூரிக்கிலிருந்து இன்டர்லாகன் வழியாக, மலையடிவார ஊரான கிரிண்டல்வால்ட் வரை ரயிலில் போக அந்தப் பாஸே போதும். கூடுதலாக ஒரு ஃபிராங்க்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. அங்கிருந்து மேலே போவதற்குத்தான் சீட்டு வாங்க வேண்டும், அதிலும் பாஸ் வைத்திருப்பவருக்குக் கட்டணத்தில் 25 விழுக்காடு தள்ளுபடி உண்டு. பாஸ் இல்லாதவர் இன்டர்லாகனிலிருந்து போய்வர 200 ஃபிராங்குக்கு மேல் கொடுக்க வேண்டிய இடத்தில் இது சிறிய தொகை அல்ல. எங்களுக்குப் பாஸை விற்ற அதே முகவர், அந்தப் பாஸ் செல்லுபடியாகும் அதே நாளில், அதே வழித்தடத்துக்குப் பேருந்துக் கட்டணத்தையும், மேலே செல்லத் தள்ளுபடியில்லாத கட்டணத்தையும் எங்களிடம் வாங்கியிருக்கிறார். அப்படி இரண்டு முறை கொடுத்த பணத்துக்கு ஈடாக எங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: வழிகாட்டி.

பயண நிரலில் ‘முழுநேர வழிகாட்டி’ என்றும் ‘உச்சியில் மூன்று மணி நேரம்’ என்றும் தெளிவாக அச்சிட்டிருந்தார்கள். ‘ஐரோப்பாவின் மிக உயர்ந்த சிகரம்’ என்றும் அதில் இருந்தது. யுங்ஃப்ராயோக் சிகரமே அல்ல. 4,158 மீட்டர் உயரமுள்ள யுங்ஃப்ராவுக்கும் அதன் பக்கத்திலுள்ள மோன்ஷுக்கும் நடுவே அமைந்த தாழ்வான இடைவெளி அது. ஐரோப்பாவிலேயே மிக உயரத்தில், 3,454 மீட்டரில் இருக்கும் ரயில் நிலையம் என்பதுதான் அதன் உண்மையான பெருமை. அந்தப் பெருமையே போதுமானதாக இருக்க, இல்லாத ஒன்றைச் சேர்த்து விற்கும் நிறுவனம் மற்ற விவரங்களை மட்டும் சரியாகச் சொல்லியிருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

காலையில் சூரிக்கிலிருந்து கிளம்பிய பேருந்து இன்டர்லாகனில் நின்றது. ‘ஊரைச் சுற்றிப் பார்க்க நேரம்’ என்று நிரலில் இருந்தாலும், எங்களை இறக்கிவிட்டது ஒரு கைக்கடிகாரக் கடையின் வாசலில். இறங்கும்போதே ஒவ்வொருவர் கையிலும் பச்சை நிறத்தில் ஒரு தள்ளுபடி அட்டையைத் திணித்தார் வழிகாட்டி. அதன் மூலையில் எங்கள் குழுவின் எண் பேனாவால் எழுதப்பட்டிருந்தது. யார் அனுப்பிய வாடிக்கையாளர் என்று கடைக்காரர் அறிவதற்கான குறி அது என்பதைப் புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகவில்லை. அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று. மலையில் எங்களுக்குக் குறைந்துபோன நேரம் இந்தக் கடையில் செலவான நேரம்தான்.

அடுத்து கிரிண்டல்வால்ட் டெர்மினல் வந்து சேர்ந்தோம். 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட ஐகர் எக்ஸ்பிரஸ் என்ற கேபிள் கார் இங்கிருந்துதான் புறப்படுகிறது. 26 பேர் அமரக்கூடிய பெட்டிகள், 15 நிமிடங்களில் 2,320 மீட்டர் உயரத்திலுள்ள ஐகர்கிளெட்சர் நிலையத்தில் சேர்த்துவிடுகின்றன. அடிவார நிலையத்தில் மலையின் மேலுள்ள நேரடிக் கேமராக் காட்சி திரையில் ஓடிக்கொண்டிருந்தது. யுங்ஃப்ராயோக் என்ற பெயருக்குக் கீழே வெறும் வெண்மை. ஒரு பாறையின் நிழல்கூடத் தெரியவில்லை. மேலே மூட்டமா என்று என் கணவர் கேட்டார். “மலையில் எல்லாம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும் சார்” என்று சொல்லிவிட்டு, வழிகாட்டி குழுவின் சீட்டை எடுத்தார்.

சீட்டு என்றால் ஆளுக்கு ஒன்று அல்ல. குழு முழுவதற்கும் சேர்த்து ஒரே தாள்தான். அதை எங்களோடு வந்த, எங்களில் யாருக்கும் அறிமுகமில்லாத ஒரு பயணியின் கையில் கொடுத்து, “நீங்கள்தான் குரூப் லீடர், கதவில் இதைக் காட்டுங்கள், எல்லோரும் சேர்ந்தே போய்ச் சேர்ந்தே இறங்குங்கள், மாலையில் பேருந்தில் பார்க்கலாம்” என்றார். நீங்கள் வரவில்லையா என்று கேட்டபோது, வழிகாட்டிகள் மேலே வருவது வழக்கமில்லை என்றார். அவருக்கும் ஒரு சீட்டு வாங்கும் செலவை நிறுவனம் மிச்சப்படுத்துகிறது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. முழுநேர வழிகாட்டி என்று பணம் வாங்கிய பயணத்தில், மலை தொடங்கும் இடத்தில் வழிகாட்டியின் பணி முடிந்துவிட்டது.

இது வெறும் பணக் கணக்காக நின்றிருந்தால் இவ்வளவு விரிவாக எழுதியிருக்க மாட்டேன். என் தந்தைக்கு எழுபது வயதுக்கு மேல். சில ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர். இந்த விவரத்தை முகவருக்கு மின்னஞ்சலில் எழுதி, அவர் இந்தப் பயணத்துக்கு வரலாமா என்று முன்பே கேட்டிருந்தேன்; “வயதானவர்கள் தாராளமாக வருகிறார்கள்” என்ற பதில் இன்றும் என்னிடம் இருக்கிறது. கிரிண்டல்வால்டின் உயரம் சுமார் ஆயிரம் மீட்டர். கேபிள் காரில் கால் மணி நேரம், பிறகு பெரும்பாலும் சுரங்கப்பாதையிலேயே ஓடும் ரயிலில் ஏறக்குறைய அரை மணி நேரம்; இடையே காத்திருப்பதையும் சேர்த்தால் ஒரு மணி நேரத்துக்குள் 2,400 மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறோம். மேலே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான், அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. உடல் அதற்குப் பழக அவகாசமே இல்லை. இதய நோயும் நுரையீரல் நோயும் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டபிறகே இங்கே வரவேண்டும் என்பதும், மேலே போனபின் மெதுவாக நடக்கவேண்டும், தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கவேண்டும், தலைசுற்றினால் உட்கார்ந்து பார்க்காமல் உடனே இறங்கவேண்டும் என்பதும் ஒரு வழிகாட்டி பேருந்திலேயே இரண்டு நிமிடங்களில் சொல்லிவிடக்கூடியவை. அன்றைய ஒலிபெருக்கியில் கேட்டவை கடையின் தள்ளுபடியும் மாலைப் பேருந்து கிளம்பும் நேரமும் மட்டுமே.

மேலே இறங்கியதும் ‘குரூப் லீடர்’ ஆக்கப்பட்டவர் தம் குடும்பத்துடன் வேகமாக முன்னால் போய்விட்டார். அவர்மேல் குறை சொல்ல மாட்டேன். அவரும் எங்களைப் போலப் பணம் கொடுத்து வந்தவர்தான். ஸ்பிங்ஸ் காட்சி மேடைக்கு ஏறும் லிஃப்ட் வரிசையில் நின்றிருந்தபோது அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். உதடுகள் வெளுத்து, கேட்ட கேள்விக்குப் பதில் வரத் தாமதமாயிற்று. “ஒன்றுமில்லை, கொஞ்சம் உட்கார்ந்தால் சரியாகிவிடும்” என்று அவர் சொல்ல, அம்மா அவர் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை உடனே கீழே அழைத்துப் போக வேண்டும் என்று எங்களுக்குத் தெரிந்தது, ஆனால் இறங்குவதற்கான சீட்டு எங்களிடம் இல்லை. அது, பனியாற்றைக் குடைந்து அமைத்த பனி மாளிகைக்குள் எங்கோ இருந்த ஒருவரின் சட்டைப்பையில் இருந்தது. வழிகாட்டியின் கைப்பேசி எண்ணை நான் மீண்டும் மீண்டும் அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

ரயில்வே ஊழியர் ஒரு பெண்மணிதான் எங்களைப் பார்த்துவிட்டு வந்தார். அப்பாவை உட்காரவைத்து, என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று விசாரித்து, முதலுதவி செய்பவரை வரவழைத்தார். சீட்டு வேறொருவரிடம் இருக்கிறது என்று நான் சொல்லத் தொடங்கியதுமே, “அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று கையமர்த்திவிட்டு, அடுத்த ரயிலில் எங்களுக்கு இடம் ஒதுக்கினார். கீழே இறங்க இறங்க அப்பாவின் முகத்தில் ரத்தம் திரும்பியது. ஐகர்கிளெட்சர் வந்தபோது அவர் தெளிவாகப் பேசினார். அடிவார நிலையத்தின் உணவகத்தில் காபியுடன் உட்கார்ந்திருந்த வழிகாட்டி, எங்களைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, சீட்டு யாரிடம் இருக்கிறது என்பதுதான்.

எங்களுடன் வந்த மற்றவர்களுக்கும் மூன்று மணி நேரம் கிடைக்கவில்லை. குழுவின் திரும்பும் ரயில் முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டிருந்ததால், மேலே அவர்கள் இருந்தது ஒன்றேகால் மணி நேரம் மட்டுமே. ஆல்ப்ஸ் மலைகளிலேயே மிக நீளமானதும், 2001 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் பகுதியைச் சேர்ந்ததுமான ஆலெட்ச் பனியாற்றை, மூட்டத்தினால் அவர்களில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. வானிலைக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் திரையில் எதுவும் தெரியாத நிலையில், வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ள விரும்புவோர் உண்டா என்று ஒரு சொல் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, காரணம் குழுச்சீட்டு வாங்கியாகிவிட்டது.

இன்னொன்றும் மனத்தை உறுத்துகிறது. அடோல்ஃப் குயர்-செல்லர் என்ற தொழிலதிபர் திட்டமிட்டு, 1896 இல் வேலை தொடங்கி, அவர் 1899 இல் இறந்த பிறகும் தொடர்ந்து, பெரும்பாலும் இத்தாலியத் தொழிலாளர்களின் உழைப்பால் ஐகர், மோன்ஷ் மலைகளின் வயிற்றைக் குடைந்து 1912 ஆகஸ்ட் 1 அன்று திறக்கப்பட்ட ரயில்பாதை அது. அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். இந்த ஒரு ரயிலுக்காகவே இந்தப் பயணத்துக்கு ஒப்புக்கொண்டவர். இதில் ஒரு வரியைக்கூட எங்கள் வழிகாட்டி சொல்லவில்லை.

ஊர் திரும்பியதும் புகார் எழுதினோம். தாங்கள் வெறும் முன்பதிவு செய்து கொடுப்பவர்கள், சேவை அந்த நிறுவனத்துடையது என்றார் முகவர். தங்களுக்கும் எங்களுக்கும் நேரடி ஒப்பந்தம் இல்லை, முகவரிடமே கேளுங்கள் என்று ஸ்விஸ் நிறுவனம் எழுதியது. அடுத்த பயணத்தில் பத்து விழுக்காடு குறைத்துத் தருவதாக ஒரு கூப்பனையும் இணைத்திருந்தது. இங்கே அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சட்ட விவரம் இருக்கிறது. ஸ்விட்சர்லாந்தின் தொகுப்புப் பயணச் சட்டம், 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணங்களுக்கும், இரவுத் தங்கல் உள்ள பயணங்களுக்கும்தான் பொருந்தும். காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் சுற்றுலா அந்தப் பாதுகாப்புக்குள் வராது. சாதாரண ஒப்பந்தச் சட்டத்தின்படிதான் வாதாட முடியும். திருச்சியில் உட்கார்ந்துகொண்டு அதைச் செய்வது நடைமுறையில் இயலாத காரியம்.

ஆகவே, இப்படிப்பட்ட பயணத்துக்குப் பணம் கட்டுமுன், வழிகாட்டி மேல் நிலையம்வரை வருவாரா, சீட்டு ஒவ்வொருவர் கையிலும் தனித்தனியாகத் தரப்படுமா, மேலே இறங்கும் நேரமும் திரும்பும் ரயிலின் நேரமும் என்ன, வழியில் எந்தக் கடையில் எவ்வளவு நேரம் நிற்கும் என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மழுப்பலான பதில் வந்தால் விட்டுவிடுங்கள். பாஸ் இருப்பவர்களுக்கு என் பரிந்துரை, சுற்றுலாவே வேண்டாம் என்பதுதான்: சூரிக்கிலிருந்து இன்டர்லாகன் ஓஸ்ட் (கிழக்கு) நிலையத்துக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேர ரயில் பயணம், அங்கே கேமராக் காட்சியைப் பார்த்து, வானம் திறந்திருந்தால் மட்டும் சீட்டு எடுங்கள், கோடையில் இருக்கைப் பதிவும் செய்துகொள்ளுங்கள். மேலே சுற்றிப் பார்க்கும் வழி முழுவதும் அறிவிப்புப் பலகைகள் இருப்பதால், வழி தவறும் அச்சம் வேண்டாம்.

முகவர் இந்தியாவில் இருந்து ரூபாயில் பணம் வாங்கியவர் என்பதால், எங்களுக்கு ஒரு வழி திறந்திருக்கிறது. 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனம் எங்கே இருந்தாலும், நுகர்வோர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. 1915 என்ற தேசிய உதவி எண்ணில் முதலில் பதிவு செய்தோம். முகவர் அதற்கும் அதே பதிலைத் தந்ததால், இப்போது திருச்சி மாவட்ட ஆணையத்துக்கு மனுவைத் தயார் செய்திருக்கிறோம். பயண நிரல், பாஸ் செல்லாது என்று முகவர் பின்னர் வாட்ஸ்அப்பில் எழுதிய வரி, அப்பாவின் இதய நோயைக் குறிப்பிட்ட மின்னஞ்சல், வழிகாட்டிக்கு நான் செய்த அழைப்புகளின் பதிவு ஆகிய அனைத்தையும் அதனுடன் இணைத்திருக்கிறோம். இதே போன்ற சுற்றுலாவில் அண்மையில் ஏமாந்தவர்கள், குறுஞ்செய்திகளையும் கடையில் கொடுத்த அட்டையையும்கூடத் தூக்கி எறிந்துவிடாமல் வைத்திருங்கள்.