கேம் ஓடும்போது ஜிபியு: டாஸ்க் மேனேஜரா, ஆஃப்டர்பர்னரா, பிரசன்ட்மொனா?

புது கிராபிக்ஸ் கார்ட் (ஜிபியு, கேமின் படங்களை வரையும் பாகம்) வாங்க கொழும்பு பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்குக் கிளம்புமுன், இருக்கிற கார்ட் முழுதாக உழைக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். பணம் கொட்டியும் எஃப்பிஎஸ் (ஒரு செகண்டுக்கு வரும் ஃப்ரேம்கள், அதாவது படங்கள்) ஏறாத ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம். அளந்து பார்க்க இலவசமாகவே மூன்று வழிகள் இருக்கின்றன.

டாஸ்க் மேனேஜர் விண்டோஸிலேயே இருக்கிறது. 2017 கடைசியில் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்து ஜிபியுவையும் காட்டுகிறது. அதில் தெரியும் சதவீதம் முழுக் கார்டின் கணக்கு அல்ல. 3டி, காப்பி, வீடியோ டிகோட் என்ற பகுதிகளில் எது அதிகம் ஓடுகிறதோ, அதன் அளவுதான். லேப்டாப்காரர்களுக்கு இது ஒரு விஷயத்தில் நல்ல துணை: கேம் தனிக் கார்டில் ஓடாமல் ப்ராசஸருடன் வரும் கிராபிக்ஸில் ஓடினால், ஜிபியு 0, ஜிபியு 1 இரண்டையும் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

எம்எஸ்ஐ நிறுவனத்தின் ஆஃப்டர்பர்னர் வேறு நிறுவனக் கார்டுகளிலும் வேலை செய்யும். கூடவே வரும் ரிவாட்யூனர், எண்களைக் கேம் திரையிலேயே காட்டும். இங்கேதான் விஷயம் பிடிபடுகிறது. ஜிபியு சதவீதம் என்பது கார்ட் வேலையில் இருந்த நேரத்தின் பங்கு. எவ்வளவு பாரம் தூக்கியது என்று அது சொல்லாது. 60 ஹெர்ட்ஸ் திரையில் வி-சிங்க் (எஃப்பிஎஸ்ஸைத் திரையின் வேகத்தோடு நிறுத்தும் வசதி) போட்டு லேசான கேம் ஆடினால், கார்ட் தன் க்ளாக்கை, அதாவது ஓடும் வேகத்தை, குறைத்துக்கொள்ளும். அப்போது 70% என்று காட்டினாலும் உண்மையில் சாவகாசமாகத்தான் ஓடுகிறது. அதனால் க்ளாக், வாட், சூடு மூன்றையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

99% கண்டு பலர் பயப்படுகிறார்கள். பயமே வேண்டாம். எஃப்பிஎஸ்ஸுக்கு வரம்பு வைக்காத கேமில் அதுதான் சரியான நிலை. வரம்பும் இல்லை, எஃப்பிஎஸ்ஸும் குறைவு, ஜிபியு 50% தான் என்றால் சிபியுவை, அதாவது ப்ராசஸரை, சந்தேகியுங்கள். மொத்த சிபியு 30% என்று காட்டினாலும் அதற்குள் இருக்கும் பல கோர்களில் ஒரே ஒரு கோர் முட்டி நிற்கலாம். ஆஃப்டர்பர்னரில் ஒவ்வொரு கோரையும் தனித்தனியே திரையில் வைத்துக்கொள்ளலாம்.

இன்டெலின் பிரசன்ட்மொன் இதற்கு இன்னும் நேரடியாகப் பதில் சொல்லும். 2023இல் அதில் சேர்ந்த 'ஜிபியு பிஸி', ஒவ்வொரு ஃப்ரேமிலும் கார்ட் எத்தனை மில்லிசெகண்ட் உழைத்தது என்று காட்டுகிறது. வரம்பில்லாத கேமில் ஒரு ஃப்ரேமுக்கு 16 மில்லிசெகண்ட், ஜிபியு பிஸி 9 என்றால், மிச்ச நேரம் கார்ட் காத்துக்கிடக்கிறது. புதுக் கார்ட் வாங்கினாலும் அங்கே பெரிய மாற்றம் வராது. என்விடியா, ஏஎம்டி கார்டுகளிலும் இது ஓடும்.

கார்ட் மாற்றுவதா என்ற கேள்விக்கு மட்டும் பிரசன்ட்மொன் போதும். அன்றாடத்துக்கு என் தேர்வு ஆஃப்டர்பர்னர்தான். ஏசி இல்லாத வெள்ளவத்தை அறையில் மத்தியான வெக்கையில் ஆடும்போது சூட்டைப் பார்த்தபடியே, ஆஃப்டர்பர்னரிலேயே பவர் லிமிட்டை (கார்ட் இழுக்கும் மின்சாரத்தின் வரம்பை) கொஞ்சம் இறக்கிவிடலாம். பல டெஸ்க்டாப் கார்டுகளில் எஃப்பிஎஸ் சற்றே குறையும்; சூடும் ஃபேன் இரைச்சலும் நன்றாகவே இறங்கும்.