துணி லூப் பேண்ட்: எட்டு மாதத்துக்குப் பிறகு

உடற்பயிற்சிக்குத் தொடையில் மாட்டிக்கொள்ளும் வளையம் போன்ற இழுபட்டையைத்தான் லூப் பேண்ட் என்கிறார்கள். நட்சத்திரம் போடச் சொன்னால் நான்கு போடுவேன். ஒன்றைக் குறைத்தது பேண்டுக்காக இல்லை, அதன் பெட்டிக்குள் வைத்திருந்த படத்தாளுக்காக. அதை அப்புறம் சொல்கிறேன்.

எனக்கு 48 வயது. வாரத்தில் மூன்று நாள், மொத்தமாக 20 கிலோமீட்டர் ஓடுவேன். பதக்கம் வாங்க இல்லை; ஓடாத நாளில் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுவேன், அதற்காக. போன வருடம் வலது இடுப்பில் வலி ஆரம்பித்தது. இடுப்பு வலி என்றதும் எல்லோரும் முதுகுக்குக் கீழே கையை வைத்துக் காட்டுவார்கள். இது அங்கே இல்லை. பக்கவாட்டுப் பாக்கெட்டில் கையை விட்டால் ஒரு எலும்பு முட்டு தட்டுப்படுமே, அங்கே. ஓடும்போதுகூடப் பொறுத்துக்கொள்ளலாம். இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தூக்கம் போச்சு. காரிலிருந்து இறங்கினால் முதல் நாலைந்து அடி நொண்டல்.

நான் முதலில் வாங்கியது ஃபோம் ரோலர், தசையை அழுத்தித் தேய்க்கும் உருளை. வலிக்கிற எலும்புக்கு நேர் கீழே அதை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு வாரம் உருண்டேன். கூடவே, காலைக் குறுக்கே போட்டு இழுக்கும் ஸ்ட்ரெட்ச். வலி கூடியதுதான் மிச்சம்.

பிசியோதெரபிஸ்ட்டிடம் போன பிறகுதான் காரணம் புரிந்தது. கண்ணாடி முன்னால் வலது காலில் மட்டும் நிற்கச் சொன்னார். என் இடது இடுப்பு தராசுத் தட்டு போல மெல்லக் கீழே இறங்கியது. டிரெண்டெலன்பர்க் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் 1895லேயே எழுதி வைத்த சோதனையாம் இது. ஒரு காலில் நிற்கும்போது இடுப்பு மறுபக்கம் சரியாமல் பிடித்துக்கொள்வது புட்டத்தின் பக்கவாட்டுத் தசைகள். ஓட்டம் என்பதே ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குத் தாவுவதுதானே, ஒவ்வோர் அடியிலும் அவற்றுக்கு வேலை. அவற்றின் தசைநாண்கள் அந்த எலும்பு முட்டில்தான் வந்து ஒட்டுகின்றன. முன்பெல்லாம் இந்த வலியை, மூட்டருகே இருக்கும் சின்ன நீர்ப்பையின் வீக்கம் என்பார்கள். பெரும்பாலும் கோளாறு தசைநாணில்தான் என்று இப்போது சொல்கிறார்கள். நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட பெண்களுக்கு அதிகமாக வருமாம். நொந்துபோன நாணை எலும்போடு வைத்து அழுத்தினால் இன்னும் நோகும். நானோ அழுத்துவதற்கென்றே காசு கொடுத்து ஒரு சாமான் வாங்கியிருந்தேன்.

சரி, பேண்டுக்கு வருகிறேன். லேசு, நடுத்தரம், கடினம் என்று மூன்று. வெளியே நெய்த துணி, உள்ளே வழுக்காமலிருக்க ரப்பர் கோடுகள். இதற்கு முன் மகளின் லேடெக்ஸ் (ரப்பர்) பேண்டைப் போட்டுப் பார்த்தேன். பக்கவாட்டில் நாலு அடி வைப்பதற்குள் பாய் மாதிரி சுருண்டுகொண்டு தொடையைக் கயிறு போல இறுக்கியது. துணி பேண்ட் முழங்காலுக்குச் சற்று மேலே போட்ட இடத்தில் அப்படியே நிற்கிறது. குறை என்றால், எட்டு மாதத்தில் லேசான பேண்ட் கொஞ்சம் தொய்ந்துவிட்டது. நடுத்தரத்தில் தையல் ஓரமாக ஒரு நூல் பிரிந்து நிற்கிறது.

முதல் மூன்று வாரம் பயிற்சி என்றே சொல்ல முடியாது. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, பேண்டுக்கு எதிராக வெளிப்பக்கம் லேசாக அழுத்தி 30 விநாடி பிடிப்பது, அவ்வளவுதான். அப்புறம் இடுப்பைத் தூக்குவது, பிறகு பக்கவாட்டு நடை. ஊசி போட்டுக்கொண்டால் என்ன என்ற யோசனையும் இருந்தது. 2018ல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு அதை மாற்றியது. இதே வலி உள்ள 204 பேரை மூன்றாகப் பிரித்திருந்தார்கள். எட்டு வாரத்தில் நன்றாகத் தேறியதாகச் சொன்னவர்கள், பயிற்சியும் அறிவுரையும் பெற்றவர்களில் சுமார் 77 சதவீதம், ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களில் 58, சும்மா பொறுத்திருந்தவர்களில் 29.

அந்த அறிவுரைப் பகுதியைத்தான் பேண்ட் விற்பவர்கள் சொல்வதே இல்லை. கால் மேல் கால் போடக் கூடாது. ஒரே காலில் சாய்ந்து நிற்கக் கூடாது. ஒருக்களித்துப் படுத்தால் முழங்கால்களுக்கு நடுவே தலையணை. உண்மையைச் சொன்னால் முதல் மாதம் என்னைத் தூங்கவைத்தது தலையணைதான், பேண்ட் இல்லை. ஓட்டத்தை நிறுத்தவில்லை, மேடு ஏறுவதை விட்டுவிட்டு அடிகளைச் சின்னதாக்கினேன். பத்துக்கு மூன்றுக்கு மேல் வலித்தாலோ, மறுநாள் காலையில் வலி தங்கியிருந்தாலோ அடுத்த ஓட்டம் குறையும்.

இப்போது படத்தாள். 12 படங்கள் இருக்கின்றன. மூன்றாவது படத்தில், ‘இடுப்பு வலிக்கு’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, என் வலியைக் கூட்டிய அதே குறுக்குக்கால் ஸ்ட்ரெட்ச்! நட்சத்திரம் போன இடம் அதுதான். வலி எங்கே என்று கேட்காமலே மருந்து எழுதுகிறார்கள். தொடை இடுக்கில், உள்ளே ஆழமாக, காலை ஊன்றும்போது வலிக்கிறது என்றால் இந்தச் செட் பக்கமே வராதீர்கள். தொடை எலும்பின் கழுத்தில் கீறலாகவும் இருக்கலாம். ஓட்டத்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.

கடினமான பேண்டை மகள் எடுத்துப் போய்விட்டாள். திருப்பிக் கேட்கும் அவசரம் எனக்கு இன்னும் வரவில்லை.