சொட்டு நின்ற பிறகும் சுவரை உடைக்க விட்டேன்: அரை மாதச் சம்பளம் போச்சு

நேற்றே எழுத உட்கார்ந்தேன். கோபத்தில் ஒரு வரி கூட ஒழுங்காக வரவில்லை. வீட்டில் தண்ணீர் கசிந்தால் என்ன செய்யவேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நான் ஏமாந்ததைக் கேளுங்கள்.

பத்து நாள் முன்பு, இரவு 11 மணி இருக்கும். வாஷ்பேசினுக்கு அடியில் தண்ணீர் குளமாக நின்றது. குனிந்து ஆங்கிள் காக்கை, அதாவது சுவரிலிருந்து பேசினுக்கு வரும் தண்ணீரை அடைக்கும் சின்ன வால்வை, மூடினேன். சொட்டுவது நின்றுவிட்டது. அத்தோடு தரையைத் துடைத்துவிட்டுப் படுத்திருக்கலாம். பதற்றம் யாரை விட்டது? வீட்டுக்கே ஆள் அனுப்பும் செயலி ஒன்றில் பதிவு செய்தேன்.

அரை மணி நேரத்தில் ஆள் வந்தார். சீருடை, நெற்றியில் விளக்கு, பணிவான பேச்சு. சுவரை விரல் முட்டியால் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். பிறகு என் கையைப் பிடித்து டைல்ஸ் மேல் வைத்தார். "ஜில்லுன்னு இருக்கா சார்? உள்ள பைப் போயிடுச்சு." ஜில்லென்றுதான் இருந்தது. டாக்டரே நாடி பார்த்துச் சொன்ன மாதிரி நம்பிவிட்டேன். ஈரம் பட்ட சுவர் ஜில்லென்று இல்லாமல் வேறு எப்படி இருக்கும்?

"காக்கை மூடினதும் நின்னுடுச்சே" என்று கேட்கத்தான் செய்தேன். "அது அப்படித்தான் சார் காட்டும்" என்றார். கூலி அரை மாதச் சம்பளம், ரொக்கமாக, முன்கூட்டியே. செயலி வழியாகக் கட்டினால் கமிஷன் ஏறுமாம். கொடுத்தேன். ஆறு டைல்ஸை உடைத்து, ஒரு முழம் பைப்பை வெட்டி எடுத்துப் புதுசு ஒட்டினார். பசை காயக்கூட விடாமல் பத்து நிமிடத்தில் தண்ணீரைத் திறந்தார். போகிறபோது பேசின் குழாயின் நட்டை ஸ்பேனரால் ஒரு திருகு திருகினார். அதுதான் கசிவை நிறுத்தியது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் அதே இடத்தில் மறுபடி சொட்டு.

செயலிக்காரர்களுக்குப் போன் செய்தேன். "புகார் பதிவாகிவிட்டது, 48 மணி நேரத்தில் அழைப்பார்கள்." யாரும் அழைக்கவில்லை. மறுபடி நான்தான் அழைத்தேன். அந்தப் பணியாளர் இப்போது அவர்களிடம் இல்லையாம். ரொக்கமாகக் கொடுத்ததற்கு அவர்கள் பொறுப்பில்லையாம். அரை மாதச் சம்பளம் அம்மா என்று கெஞ்சினேன். பார்வைக் கட்டணத்தை மட்டும் திருப்பித் தருகிறோம் என்றார் போனில் பேசிய பெண். தந்தார்கள், அடுத்த வேலைக்கான கூப்பனாக! புகார் 'தீர்க்கப்பட்டது' என்று மூடியும் விட்டார்கள்.

நேற்று நானே அந்த நட்டைக் கழற்றினேன். உள்ளே கட்டைவிரல் நகம் அளவு ரப்பர் வாஷர், நசுங்கி இரண்டாகப் பிளந்திருந்தது. புதுசு போட்டேன். இப்போது ஒரு சொட்டு இல்லை. இதற்குத்தான் அரை மாதச் சம்பளம்.

சரி, விவரமாகச் சொல்கிறேன் என்றேன், பொறுமை இல்லை. ஆங்கிள் காக்கை மூடிக் கசிவு நின்றால் கோளாறு காக்குக்கு இந்தப் பக்கம், பேசின் குழாய்க்குப் போகும் ஹோஸிலோ வாஷரிலோ இருக்கிறது. சுவருக்குள் இருக்கும் பைப்பில் அப்போதும் தண்ணீர் அழுத்தம் இருக்கும், அது உடைந்திருந்தால் கசிவு நிற்காது. யாரையும் சுவரைத் தொட விடாதீர்கள். காக்கு மூடியும் நிற்கவில்லையா, மெயின் வால்வை மூடுங்கள். அது எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள். தண்ணீர் சுவிட்ச் பக்கம் போனால் முதலில் மின்சார மெயின் ஸ்விட்சை அணையுங்கள், ஆனால் ஈரத்தில் நின்றுகொண்டு அதைத் தொடக்கூடாது. வேலை முடியுமுன் முழுப் பணம் கொடுக்காதீர்கள், அதுவும் ரொக்கமாக.

அப்புறம் அந்த ஆறு டைல்ஸ். அந்த நிறம் இப்போது வருவதில்லையாம்.